கல் என்று சொன்னவருக்கு

ஞாயிற்றுக்கிழமை எங்கள் அப்பாயியின் காரியத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களுக்கும் இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். பந்தியில் உட்கார்ந்திருந்த என் தம்பியைப் பார்த்து, எங்களுக்கு மாமா முறையாகும் ஒரு பெரியவர் அந்த வரிசைக்கே கேட்கும்படி சொன்னார்: “தூக்கி வளர்த்த கிழவி போய்விட்டாள். ஒரு சொட்டுக் கண்ணீர் உண்டா பார். கல்.”

தம்பி தலை நிமிரவில்லை. இலையில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். சாப்பிடவில்லை.

அவனுக்குச் சைக்கோசிஸ், அதாவது எது நிஜம், எது மனம் காட்டுவது என்று பிரித்தறிய முடியாமல் போகும் நிலை, தொடங்கி ஒன்றரை ஆண்டு ஆகிறது. இதை நான் மறைத்ததில்லை. மறைக்காமல் சொன்ன பிறகும், கேட்டவர்கள் மனத்தில் பதிந்தது ‘பைத்தியம்’ என்ற ஒரு சொல் மட்டும்தான் போலிருக்கிறது. ஆகவே மறுபடியும் சொல்கிறேன். அவனுக்கு உணர்ச்சி இருக்கிறது. அது முகத்துக்கு வந்து சேர்வதில்லை.

பாசத்தில் நானாகச் சொல்லிக்கொள்கிற கதை அல்ல இது. 1990களில் அமெரிக்காவில், சைக்கோசிஸ் வரும் நோய்களில் ஒன்றான மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) உள்ளவர்களுக்குச் சிரிக்கவும் அழவும் வைக்கும் படக்காட்சிகளைப் போட்டுக் காட்டி ஆராய்ந்தார்கள். முகத்தில் பெரிதாக எதுவும் தெரியவில்லை. என்ன உணர்ந்தீர்கள் என்று கேட்டபோது, மற்றவர்கள் உணர்ந்த அளவுக்கே அவர்களும் உணர்ந்திருந்தார்கள். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் வேறொரு வழியைக் கையாண்டார்கள். கையில் கட்டிய கடிகாரம் நாளுக்குப் பத்து முறை ஒலிக்கும். ஒலித்ததும் அந்த நொடியில் மனம் எப்படி இருக்கிறது என்று குறித்துவைக்க வேண்டும். நாம் உதறிவிட்டுப் போகிற சின்னச் சின்னத் தொல்லைகள் கூட சைக்கோசிஸ் உள்ளவர்களை மற்றவர்களைவிட அதிகமாக வாட்டின என்பது அந்தக் குறிப்புகளில் தெரிந்தது. சின்னத் தொல்லைக்கே அப்படியென்றால், பந்தியில் பத்துப் பேர் முன்னால் விழுந்த அந்தச் சொல் அவனை என்ன செய்திருக்கும்?

மாத்திரையும் ஒரு காரணம். சில மருந்துகள் முகத் தசையை இறுக்கிவிடும், நடையைக் கூட மெதுவாக்கிவிடும். இதை மருத்துவர் எங்களிடம் சொல்லியிருக்கிறார். உடனே “அப்படியானால் மாத்திரையை நிறுத்திவிடுங்கள்” என்று எழுத வருபவர்களுக்கு: தயவுசெய்து வேண்டாம். மாத்திரைக்கு முந்தைய அந்த எட்டு மாதங்களை நாங்கள்தான் பார்த்தோம்.

அந்த மாதங்களில் பஸ் நடத்துநர் விசில் ஊதினால் அது அவனுக்கான செய்தி. தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர் அவனைப் பற்றித்தான் பேசினார். எது முக்கியம், எது முக்கியமில்லை என்று பிரித்துக் காட்ட உதவும் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் தாறுமாறாகச் சுரந்தால், உலகத்தில் எல்லாமே நம்மை நோக்கி விரல் நீட்டுவது போலத்தான் இருக்குமாம். பக்கத்து வீட்டுப் பேச்சு கேட்கிறது என்று சன்னல் இடுக்கில் பழைய துணியைத் திணித்து வைத்தான். நான் அவனைச் சோம்பேறி என்று திட்டினேன், கல்லூரிக்குப் போகாமல் நடிக்கிறான் என்றேன். அந்த நாட்களில் அவன் பயந்துகொண்டிருந்தான் என்பது எனக்குத் தெரியாது. இப்போது 14416 என்று அழைத்தால் டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி உதவியில் தமிழிலேயே பேசலாம். அன்று எங்களுக்கு அந்த எண்ணைச் சொல்லவும் ஆளில்லை. கயிறு கட்டச் சொன்னவர்கள் இருந்தார்கள். ஏதாவது கோயிலில் கொண்டுபோய் விட்டுவிடச் சொன்னவர்களும் இருந்தார்கள். அப்பா அதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை. 2001இல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் சிக்கி இறந்ததை அவர் மறக்கவில்லை.

“பெரியவர், துக்கத்தில் ஏதோ சொல்லிவிட்டார், இதைப் போய்ப் பெரிதாக்குகிறாயே” என்கிறார்கள். அவருக்குத் துக்கம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். துக்கம் இருந்ததால் அவருக்குப் பேச உரிமை வந்தது. தம்பிக்கு அதே துக்கத்தோடு சும்மா இருக்கக்கூட உரிமை இல்லையா?

“வீட்டு விஷயத்தைப் பொதுவில் எழுதலாமா?” அவனிடம் காட்டிவிட்டுத்தான் எழுதுகிறேன். ஒரு வரியை எடுக்கச் சொன்னான், எடுத்துவிட்டேன். பந்தியில் பேசியவர் யாரிடம் அனுமதி கேட்டார்?

அப்பாயி இறந்த அன்று இரவு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மூன்று மணி இருக்கும். தாழ்வாரத்தில் விளக்கு எரிந்தது. தம்பி தரையில் உட்கார்ந்து, அப்பாயி வெற்றிலை இடிக்கும் சின்ன இரும்பு உரலை மடியில் வைத்து, ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். ஓரத்தில் காய்ந்து ஒட்டியிருந்த பாக்குத் தூளை மட்டும் தொடாமல் விட்டிருந்தான். அதை ஏன் விட்டாய் என்றேன். வெகுநேரம் கழித்து, “அது அப்பாயி இடித்தது, அக்கா” என்றான். முகத்தில் ஒன்றுமில்லை. குரலும் ஒரே மட்டத்தில்தான் இருந்தது. நான்தான் அழுதேன்.

இவனா கல்?

நோய் வந்ததிலிருந்து அவனைத் தேடி வருபவர்கள் குறைந்துவிட்டார்கள். கல்லூரியில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் ஒரு போன் செய்வதில்லை. ஒரே ஒரு பையன் சனிக்கிழமை வருகிறான், கேரம் ஆடுகிறான், போய்விடுகிறான். நலமா என்றுகூடக் கேட்பதில்லை. வெள்ளிக்கிழமை மாலையே தம்பி பலகையைத் துடைத்துப் பவுடர் போட்டு வைத்துவிடுகிறான். ஆள் வேண்டும் என்ற ஆசை அவனுக்கு இல்லை என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

பெயரிலேயே தொடங்குகிறது இந்தக் கொடுமை. மனச்சிதைவு. சிதைந்தது என்று பெயர் வைத்துவிட்டு, அப்புறம் அவன் எங்கே போய் முழு மனிதனாக நிற்பது? ஜப்பானில் 2002இல், மனம் பிளந்த நோய் என்று பொருள்படும் பழைய பெயரையே மாற்றிவிட்டார்கள். நம்மிடம் பெயரை மாற்றுவது இருக்கட்டும், பேசும் முறையையாவது மாற்றுங்கள்.

ஞாயிறு இரவு பாத்திரங்களை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது தம்பி என்னிடம் வந்து கேட்டான்: “மாமாவுக்குச் சர்க்கரை இருக்கிறதே, இரண்டு முறை பாயசம் வாங்கினார். ஊர் போய்ச் சேர்ந்துவிட்டாரா?” அவனைக் கல் என்று சொன்ன அதே மாமாதான்.

அடுத்த மாதம் அப்பாயிக்கு மாசியம் வருகிறது. வருபவர்கள் அவனைப் பற்றி என்னிடம் விசாரிக்காமல் அவனிடமே பேசுங்கள். பதில் வர நேரமாகும். அதுவரை கொஞ்சம் நில்லுங்கள்.