பேலன்ஸ் பயிற்சி வீண் இல்லை

"கணுக்கால் அடிக்கடி பிசகினால் லிகமென்ட் (எலும்புகளை இணைக்கும் நார்) தளர்ந்துவிட்டது என்று அர்த்தம், ஆபரேஷன்தான் வழி, ஒற்றைக்காலில் நிற்பதெல்லாம் வீண்" என்று சிலர் சொல்கிறார்கள். பாதிதான் சரி. லிகமென்ட் தளராதவர்களுக்கும் இந்தத் தொல்லை வருகிறது. அவர்களுக்கு, மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்ற தகவல் மூளைக்குச் சரியாகப் போவதில்லை. பாதம் உள்பக்கம் மடங்கும்போது இழுத்துப் பிடிக்க வேண்டிய வெளிப்பக்கக் கால்தசைகளும் தாமதமாக விழிக்கலாம். 1965-லேயே ஃப்ரீமன் என்ற மருத்துவரின் குழு இதைச் சொல்லி, ஆடும் பலகையில் பழக்கியது.

சுவரோரம் ஒற்றைக்காலில் நின்று கண்ணை மூடிப் பாருங்கள். யாருக்குமே ஆடும்தான், ஆனால் கணுக்கால் அடிக்கடி பிசகுபவர்கள் பார்வையை அதிகம் நம்பி நிற்பதால் சட்டெனக் காலை ஊன்றிவிடுவார்கள். (நல்ல காலோடு ஒப்பிடுவதும் ஏமாற்றலாம், சிலருக்கு அதிலும் தடுமாற்றம் உண்டு.) சில வாரம் முறையாகப் பழகினால் மறுபடி பிசகுவது குறைகிறது. ஆபரேஷன் செய்தாலும் பிறகு இதே பயிற்சிதான்.