80 சதவீதம் போதும்ங்கறது தட்டம்மைக்கு சரிவராது

மேல ஒருத்தர் "80 சதவீதம் குழந்தைங்களுக்கு தடுப்பூசி போட்டாச்சுன்னா போதும், மிச்சத்துக்காக திரும்ப கேம்ப் நடத்தறது வேஸ்ட்"னு எழுதியிருக்காரு, தட்டம்மைக்கு இது சுத்தமா பொருந்தாதுங்க. எதிர்ப்புசக்தி இல்லாத கூட்டத்துல ஒருத்தர்கிட்ட இருந்தே 12லேருந்து 18 பேருக்கு பரவும், அதனாலதான் ரெண்டு டோஸும் 95 சதவீதம் பேருக்கு போகணும்னு சொல்றாங்க. அதோட 80ங்கறது சராசரிதானே, போடாதவங்க பெரும்பாலும் ஒரே பகுதியில சேர்ந்து இருப்பாங்க, அங்க தட்டம்மை நுழைஞ்சா முதல் டோஸ் வயசே வராத கைக்குழந்தைங்கதான் மாட்டும்.

குழந்தைங்களுக்கு தடுப்பூசி விட்டுப்போறதுக்கு பெத்தவங்க அலட்சியம்தான் காரணம்னும் அவரு சொல்லிட்டாரு, அது எல்லார் விஷயத்துலயும் உண்மை இல்ல. தட்டம்மை தடுப்பூசி மருந்து நிறைய இடத்துல 10 டோஸ் பாட்டில்ல பொடியா வருது, அத திரவத்துல கலக்கிட்டா 6 மணி நேரத்துக்குள்ள போட்டு முடிக்கணும், மீதிய கொட்டிடணும், அதனால ஒரே ஒரு குழந்தை வந்தா பாட்டில திறக்க யோசிச்சு "அடுத்த வாரம் வாங்கம்மா"னு திருப்பி அனுப்பிடறாங்க. ஒருநாள் கூலிய விட்டுட்டு வந்த அம்மா மறுபடி எப்படி வருவாங்க சொல்லுங்க? ஒரு குழந்தைக்காகவும் திறக்கணும்னுதான் உலக சுகாதார நிறுவனமே சொல்லுது, அந்த வீணாகற டோஸையும் கணக்குல சேர்த்துதான் ஸ்டாக் கேக்கணும்.