ரைன் ஆத்துல ஒரு சாவி

(பிராங்பேர்ட், மூன்றாவது மாடி வீடு. படுக்கையறையில் கதவில்லாத ஒரு துணி அலமாரி. அதன் கதவுகள் இரண்டும் எட்டு மாதமாகச் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. முருகேசனுக்குச் சொந்த ஊர் திண்டுக்கல், தேன்மொழிக்குப் பழனி. கல்யாணமாகி நாளையோடு 14 வருஷம். மகள் பள்ளிக்கூட டூரில் இருக்கிறாள். வீடு இவ்வளவு அமைதியாக இருப்பது இருவருக்குமே கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.)

தேன்மொழி: ஏங்க, பொண்ணு வர இன்னும் மூணு நாள் இருக்கு. கல்யாண நாளுக்கு எங்கயாச்சும் வெளிய போவோம்.

முருகேசன்: போவோமே. ரெண்டு ஸ்டாப் தள்ளி புதுசா ஒரு துருக்கிக்காரன் கடை போட்டிருக்கான்.

தேன்மொழி: வெளியூருங்க. பாரிஸ் மாதிரி.

முருகேசன்: பாரிஸ் வேணாம் தேனு. போன தடவ ஈஃபில் கோபுரத்தை நீ பாத்தது பத்து நிமிஷம். லா ஷாப்பேல் தமிழ்க்கடைத் தெருவுல முருங்கைக்காய் பாத்தது ரெண்டு மணி நேரம்.

தேன்மொழி: அந்த முருங்கைக்காய்ச் சாம்பாரை மூணு நாள் வழிச்சு வழிச்சுச் சாப்பிட்டது யாரு?

முருகேசன்: அது வேற. நாம கொலோன் போவோம். ரோமாபுரிக்காரன் காலத்து ஊரு. அவன் கொலோனியான்னு வச்ச பேருதான் தேஞ்சு கொலோன் ஆயிருச்சு. கோபுரம் இருக்கு, ஆறு இருக்கு, பாலம் இருக்கு...

தேன்மொழி: டிக்கெட் விஷயத்துக்கு வாங்க.

முருகேசன்: ...நம்ம டாய்ச்லாண்ட் டிக்கெட்டே செல்லும்.

தேன்மொழி: அதானே!

முருகேசன்: மாசா மாசம் காசு கட்டுறோம்ல? 2023-ல 49 யூரோன்னு ஆரம்பிச்சான், ஏத்திக்கிட்டே போறான். நாம ஏறி உக்காந்தாத்தானே கழியும்? நாடு பூரா செல்லும் தேனு.

தேன்மொழி: நாடு பூரா செல்லும், வேகமா போற வண்டியில மட்டும் செல்லாது. ஐசிஇல போனா ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. உங்க வண்டியில?

முருகேசன்: மூணு மணி நேரம். ஆனா ஐசிஇ 300 கிலோமீட்டர் வேகத்துல சுரங்கம் சுரங்கமா நுழைஞ்சு போகும், ஒண்ணுமே தெரியாது. நம்ம வண்டி ரைன் கரையோட போகும். ஒரு மலைக்கு ஒரு கோட்டை. கல்யாண நாளுக்கு எது பொருத்தம்? நீயே சொல்லு.

(தேன்மொழி சொல்லவில்லை. புளியோதரை கட்டப் போய்விட்டாள்.)

*

(மறுநாள். மைன்ஸ் தாண்டி வண்டி ஊர் ஊராக நின்று போகிறது. ஏறுகிற ஆளும் இல்லை, இறங்குகிற ஆளும் இல்லை. ஆனாலும் நிற்கிறது.)

முருகேசன்: அங்க பாரு, எதிர்க்கரையில ஒரு பாறை. அதான் லோரலை. அது உச்சியில ஒருத்தி உக்காந்து தலை சீவிக்கிட்டே பாடுவாளாம். அந்தப் பாட்டுல மயங்கி படகுக்காரன் எல்லாம் பாறையில மோதிச் செத்தானாம்.

தேன்மொழி: ஆம்பளைங்க காதுல ஒரு பொம்பள சொன்னது விழுந்திருக்கா? கதைதாங்க அது. நான் எட்டு மாசமா அலமாரிக் கதவு, அலமாரிக் கதவுன்னு பாடுறேன்.

முருகேசன்: ஆலன் கீ தொலைஞ்சு போச்சுன்னு சொன்னேனா இல்லையா? ஆறுமுனை உள்ளது. அது இல்லாம அந்த ஸ்க்ரூவைத் திருக முடியாது.

தேன்மொழி: கடையில விக்கிறாங்க.

முருகேசன்: அந்தப் பெட்டியில வந்ததுதான் அந்த அளவுக்குச் சரியா வரும்.

(இதை முருகேசன் நம்பிக்கையோடுதான் சொன்னார். தேன்மொழி புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தாள். நல்லெண்ணெயும் பெருங்காயமும் மணக்க, முன்வரிசைக் கிழவி எழுந்து ஜன்னலைத் தேடினாள். அந்த வண்டியில் ஜன்னல் திறக்காது.)

*

(கொலோன். ஸ்டேஷனை விட்டு வெளியே கால் வைத்தால் முகத்துக்கு நேரே கதீட்ரல். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்த தேன்மொழி பின்னால் வந்த சைக்கிள்காரரை மறந்தாள். அவர் மறக்கவில்லை, மணி அடித்தார்.)

தேன்மொழி: யம்மாடி! எவ்வளவு உயரங்க?

முருகேசன்: 157 மீட்டர். 1880-ல முடிச்சப்ப உலகத்துலயே இதான் உயரம். நாலு வருஷம் அந்தப் பட்டத்தை வச்சிருந்தான்.

தேன்மொழி: முடிச்சது 1880. ஆரம்பிச்சது?

முருகேசன்: 1248.

தேன்மொழி: அறுநூத்து...

முருகேசன்: 632 வருஷம். (குரலில் புது உற்சாகம்) நடுவுல பாதியில நிறுத்திட்டான் தேனு. காசும் இல்ல, மனசும் இல்ல. கல்லு தூக்குற கிரேனைக் கூட இறக்கல. அரைகுறைக் கோபுரத்து மேல அது முந்நூறு வருஷத்துக்கு மேல அப்படியே நின்னுச்சு. பொறந்தவன் பாத்தான், செத்தான். அவன் பேரன் பாத்தான், செத்தான். ஊருக்கு அதான் அடையாளமே! ஒருத்தராச்சும் கேட்டாங்களா, "ஏங்க, எட்டு மாசமாச்சே"ன்னு?

தேன்மொழி: இந்த ஊருக்கு ஏன் கூட்டியாந்தீங்கன்னு இப்பத்தான் வெளங்குது.

முருகேசன்: இன்னும் கேளு. இந்தக் கோயில் வேலை என்னைக்கு முழுசா முடியுதோ அன்னைக்கு உலகம் அழிஞ்சிரும்னு இந்த ஊர்ல ஒரு பேச்சு உண்டு. அதான் எந்நேரமும் ஒரு மூலையில சாரம் கட்டி ரிப்பேர் பாத்துக்கிட்டே இருக்கான். எல்லாம் நாட்டு நன்மைக்குத்தான். நானும்...

தேன்மொழி: நீங்க கதவை மாட்டுனா உலகம் அழிஞ்சிரும்.

முருகேசன்: யோசிச்சுப் பாரு.

தேன்மொழி: மேல ஏறலாம் வாங்க. 533 படியாம்.

முருகேசன்: லிஃப்ட் எந்தப் பக்கம்?

தேன்மொழி: கிடையாது.

முருகேசன்: பழனியிலயே விஞ்ச் இருக்கு! ரோப் கார் இருக்கு! ஜெர்மன்காரன் என்ன எஞ்சினியரு?

தேன்மொழி: பழனியில 693 படி. ஸ்கூல் படிக்கிறப்ப தைப்பூசத்துக்குத் தம்பியை இடுப்புல தூக்கிக்கிட்டு ஏறியிருக்கேன். வாங்க.

(தெற்குக் கோபுரத்துப் படிக்கட்டு சுழன்று சுழன்று போகிறது. அகலம் குறைவு. ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒரே வழியில்தான். எதிரே யார் வந்தாலும் முருகேசன் சுவரோடு ஒட்டி நின்று, "நீங்க போங்க, நீங்க போங்க" என்று தமிழிலேயே உபசரித்தார். அவ்வளவும் மூச்சு வாங்கத்தான். பாதிக்கு மேல் மணிக்கூண்டு.)

முருகேசன்: (கம்பியைப் பிடித்தபடி) இதை... நல்லாப் பாத்துட்டுப் போவோம். சரித்திரம்... முக்கியமில்லையா?

தேன்மொழி: (பலகையைப் படித்து) 24 டன் மணி. 1923-ல வார்த்ததாம். ஊர்க்காரங்க செல்லமா இதுக்குக் குண்டு பீட்டர்னு பேரு வச்சிருக்காங்க.

(குண்டு பீட்டரைப் பார்த்தாள். முருகேசனைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் ஏறத் தொடங்கினாள். சொல்லியிருந்தால் பரவாயில்லை என்று முருகேசனுக்குத் தோன்றியது.)

*

(மாலை. ஃபரீனா வாசனைத் திரவியக் கடை வாசல்.)

தேன்மொழி: 1709-லேர்ந்து இருக்காம்! கல்யாண நாளுக்கு ஒரு பாட்டில் வாங்கிக் குடுங்க.

முருகேசன்: (முகர்ந்து பார்த்து முகம் வாடி) தேனு, எனக்கு லேசா காய்ச்சல் அடிக்கிற மாதிரி இருக்கு.

தேன்மொழி: என்னது?

முருகேசன்: இது நம்ம யூடிகோலன்மா! சின்ன வயசுல காய்ச்சல் வந்தா எங்கம்மா துணியில நனைச்சு நெத்தியில போடுமே, அதே வாசம். கூடவே பிரெட்டு, பால். பரீட்சைக்குப் போக வேணாம்.

தேன்மொழி: கொலோன் தண்ணிங்கிறதைத்தான் நாம யூடிகோலன்னு சொல்லிக்கிட்டு இருந்தோமா? இத்தனை வருஷம் மருந்துன்னுல்ல நெனச்சேன்.

முருகேசன்: இதைப் பூசிக்கிட்டு நீ பக்கத்துல வந்தா நான் நாக்கை நீட்டிக் காட்டுவேன். பரவாயில்லையா?

(வாங்கவில்லை. இதில் முருகேசனுக்கு எவ்வளவு மிச்சம் என்று அவர் கணக்குப் போட்டது தேன்மொழிக்குத் தெரியும்.)

*

(இரவுச் சாப்பாடு. பழைய பீர் விடுதி ஒன்று. நீல ஏப்ரன் கட்டிய பரிமாறுபவர், இந்த ஊர் வழக்கில் கோபெஸ், மெனு அட்டையை மேஜையில் போட்டார். வைத்தார் என்று சொல்ல முடியாது.)

முருகேசன்: கிடைச்சிருச்சு! ஹால்வே ஹான். ஹான்னா சேவல். பாதிச் சேவல்! விலையைப் பாரு, இந்த விலைக்குத் திண்டுக்கல்லயே பாதிச் சேவல் கிடையாது.

தேன்மொழி: அதான் இடிக்குது.

முருகேசன்: உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம். நான் ஒரு பீர் சொல்லிக்கிறேன். கல்யாண நாள்ல?

(பீர் வந்தது. 0.2 லிட்டர் ஒல்லிக் கிளாஸ்.)

முருகேசன்: என்ன தேனு, இருமல் மருந்து அளவுக்குக் குடுத்திருக்கான்? (ஒரே மடக்கு. கீழே வைப்பதற்குள் கோபெஸ் வந்து இன்னொன்று வைத்துவிட்டு, கிளாஸுக்கு அடியில் இருந்த அட்டையில் பென்சிலால் ஒரு கோடு போட்டார்.) பாத்தியா, கேக்காமலே தர்றான்! கல்யாண நாள்னு தெரிஞ்சிருக்கு போல.

(நான்காவது கிளாஸ்.)

முருகேசன்: போதும்னு சொன்னா மனசு கஷ்டப்படுவானோ? நம்ம ஊர்ப் பந்தியில பாயசம் ஊத்துற மாமா மாதிரி நிக்கிறான்.

(ஆறாவது கிளாஸ்.)

தேன்மொழி: ஏங்க, அந்த அட்டையில ஆறு கோடு இருக்கு. அது பில்லுங்க.

முருகேசன்: (ஆடிப்போய்) பில்லா? சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நிறுத்த மாட்டானா?

(தேன்மொழி பக்கத்து மேஜையைக் கவனித்தாள். ஒரு பாட்டி தன் காலிக் கிளாஸ் மேல் அட்டையைக் கவிழ்த்து வைத்தாள். கோபெஸ் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தேன்மொழி முருகேசனின் கிளாஸை அட்டையால் மூடினாள்.)

தேன்மொழி: இலையை மூடுறது மாதிரிதாங்க. மூடுனா எந்திரிக்கப் போறோம்னு அர்த்தம். எல்லா ஊர்லயும் பந்தி ஒண்ணுதான்.

(ஹால்வே ஹான் வந்தது. ஒரு ரை பன், தடியாக ஒரு துண்டு கௌடா சீஸ், பச்சை வெங்காயம், கடுகுச் சாந்து.)

முருகேசன்: (பன்னைத் தூக்கிப் பார்த்து, தட்டைத் திருப்பிப் பார்த்து) சேவல் எங்க?

தேன்மொழி: அந்தாளைக் கேட்டேன். இந்த ஊர்ல பாதிச் சேவல்னா ரொட்டியும் சீஸும்தானாம். அவங்க விளையாட்டாம்.

முருகேசன்: கல்யாண நாள் அன்னைக்கு, பிரியாணி ஊர்க்காரன்கிட்ட விளையாட்டா?

(வெளியே வந்தார்கள். கதீட்ரலுக்குப் பக்கத்தில் ஒரு நீரூற்று. படியில் ஒரு பெண் விளக்கோடு நிற்க, குட்டிக் குட்டி மனிதர்கள் உருண்டு விழுகிறார்கள். ஹைன்ஸல்மென்ஷன் என்ற குள்ளர்கள்.)

தேன்மொழி: இது என்ன கதை?

முருகேசன்: (கண் மின்ன) அற்புதமான கதை தேனு. ராத்திரி ஊரே தூங்குறப்ப இந்தக் குள்ளனுங்க வந்து எல்லா வேலையும் முடிச்சு வச்சிருவானுங்களாம். தச்சன் வேலை, ரொட்டிக்காரன் வேலை, எல்லாம். ஒரு தையக்காரன் பொண்டாட்டி, யாருன்னு பாக்கணும்னு படியில பட்டாணியைக் கொட்டி வச்சா. வழுக்கி விழுந்து கோவிச்சுக்கிட்டுப் போனவனுங்கதான், திரும்பி வரல. அன்னையிலேர்ந்து அவங்கவங்க வேலையை அவங்கவங்களே பாக்க வேண்டியதாப் போச்சு. எல்லாம் ஒரு பொம்பளையால.

தேன்மொழி: ராத்திரி எல்லாரும் தூங்குனப்புறம் பாத்திரம் கழுவி, துணி மடிச்சு, மக பையில டிபன் வச்சு... நம்ம வீட்டுக்கு வர்ற குள்ளன் யாருன்னு என்னைக்காச்சும் பட்டாணி கொட்டிப் பாத்தீங்களா?

(முருகேசன் பதில் சொல்லவில்லை. ஆறு கோட்டுக்குப் பிறகு பொய் சொல்வது கஷ்டம்.)

*

(ஹோஹென்ஸோலர்ன் பாலம், ராத்திரி பத்து மணி. ரயிலும் நடைபாதையும் மட்டும்தான், காருக்கு இடமில்லை. இரண்டுக்கும் நடுவே கம்பி வேலி. அதில் டன் கணக்கில் பூட்டுகள், ஒவ்வொன்றிலும் இரண்டு பெயர். 2008 வாக்கில் யாரோ தொடங்கி வைத்த பழக்கம். பூட்டைப் போட்டுச் சாவியை ரைனில் எறிய வேண்டும். முருகேசன் வேலியோரம் நடந்து ஒவ்வொரு பூட்டாக இழுத்துப் பார்க்கிறார்.)

தேன்மொழி: ஏங்க, அடுத்தவங்க காதலை ஏன் பிடிச்சு இழுக்கிறீங்க?

முருகேசன்: தகரம். இதுவும் தகரம். இது மழைக்கே தாங்காது. இந்த ரெண்டு பேரும், பேரு என்ன, லீசா, டோபியாஸ்... ஆறு மாசம். பூட்டுன்னா ஆள் தொங்கிப் பாக்கணும்! (கோட்டுப் பையிலிருந்து கனமாக ஒன்றை எடுக்கிறார்.) இதைப் பாரு.

தேன்மொழி: நம்ம கெல்லர் பூட்டு! அடித்தள ஸ்டோர் ரூமுக்குப் போடுவோமே, அது!

முருகேசன்: திண்டுக்கல் பூட்டு. கையால செஞ்சது. 2019-ல புவிசார் குறியீடு வாங்குன பூட்டு. நாம மொதல்ல இங்க வந்தப்ப எங்கம்மா குடுத்துவிட்டது. ஏர்போர்ட் ஸ்கேனர்ல இதைப் பாத்துட்டு மூணு பேரு ஓடியாந்தானுங்களே, ஞாபகம் இருக்கா? பின்னாடி திருப்பு.

(திருப்பினாள். கோணல் மாணலாக: முருகேசன் – தேனு. 14.)

தேன்மொழி: (குரல் மாறி) நீங்களா செதுக்குனீங்க? எப்பங்க?

முருகேசன்: நேத்து ராத்திரி. நீ புளி கரைச்சுக்கிட்டு இருந்தப்ப.

தேன்மொழி: இரும்பு மேல இவ்வளவு ஆழமா... எதால செதுக்குனீங்க?

முருகேசன்: ஆலன் கீயாலதான்...

(ஒரு சரக்கு ரயில் போனது. நீளமான ரயில்.)

தேன்மொழி: தொலைஞ்சு போன ஆலன் கீ.

முருகேசன்: அது... தேடுறப்ப கிடைக்கல, தேடாதப்ப கிடைச்சிருச்சு. இதோ, சாவியோடயே வளையத்துல மாட்டி வச்சிருக்கேன், இனிமே தொலையாது பாரு. சரி சரி, நேரமாச்சு, பூட்டைப் போடு.

(தேன்மொழி பூட்டினாள். முருகேசன் கண்ணை மூடி, குலதெய்வத்தைக் கும்பிட்டு, சாவியை வீசினார். வளையத்தோடு.)

முருகேசன்: ஐயையோ! ஆலன் கீ!

(அந்த ஐயையோவில் எந்த வருத்தமும் தொனிக்கவில்லை.)

தேன்மொழி: போனது போகட்டும். கடையில வாங்கிக்கலாம், திங்கக்கிழமை நானே வாங்குறேன். (பூட்டைத் தடவிப் பார்க்கிறாள்.) இனிமே இதை யாராலயும் தொறக்க முடியாதுல்ல?

முருகேசன்: திண்டுக்கல் பூட்டும்மா. கள்ளச்சாவி சேராது.

தேன்மொழி: ஆனா கெல்லர்ல இந்தப் பூட்டுக்கு எப்பவுமே ஒரே சாவிதானே இருந்துச்சு? ரெண்டு சாவியோட வந்திருக்குமே. இன்னொண்ணு?

முருகேசன்: அது பத்திரமா இருக்கு.

தேன்மொழி: எங்க?

முருகேசன்: (ரயில் சத்தத்தோடு சத்தமாகச் சொன்னால் கேட்காது என்று நினைத்து) அம்மாகிட்ட.

(கேட்டுவிட்டது.)