கம்பைலருக்குத் தெரியுமாம், லோடரிடம் சொல்லாதாம்

சி++ புரோகிராம் கம்பைல் ஆகிறது, லைப்ரரிகளோடு இணைக்கும் லிங்க்கும் ஆகிறது, ஒரு வார்னிங் கூட இல்லை. ஓட்டினால்தான் மூஞ்சியில் அறைகிறது: சி++ லைப்ரரியான லிப்எஸ்டிடிசி++.எஸ்ஓ.6-இல் 'ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ்_3.4.29' என்ற வெர்ஷன் இல்லையாம். லிங்க் செய்யும்போது இருந்தது இப்போது எங்கே போய்த் தொலைந்தது?

எங்கேயும் போகவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். பழைய சர்வர், ரூட் (அட்மின்) அனுமதி கிடையாது, சரி என்று ஜிசிசி 11 கம்பைலரை ஹோம் டைரக்டரியிலேயே பில்ட் செய்தாயிற்று. அதற்கான லைப்ரரி பக்கத்திலேயே லிப்64 ஃபோல்டரில் பத்திரமாக இருக்கிறது. ஜிசிசியின் சி++ கம்பைலரான ஜி++ அங்கிருந்துதான் எடுத்து லிங்க் செய்கிறது. ஆனால் எடுத்த இடத்தைப் பைனரிக்குள், அதாவது ஓட்டப்போகும் ஃபைலுக்குள், குறித்து வைக்காது! ஓட்டும்போது லைப்ரரிகளை ஏற்றும் லோடர் தனக்குத் தெரிந்த சிஸ்டம் ஃபோல்டரில் தேடி, அங்கே கிடக்கும் பழையதைப் பிடித்துக்கொள்கிறது. ஜிசிசி 11-இல் வந்த 3.4.29 அதில் எப்படி இருக்கும்? கல்யாணத்துக்குக் கூப்பிட்டுவிட்டு மண்டபம் எது என்று சொல்லாமல் போனை வைப்பவனை என்ன சொல்வது?

லைப்ரரியின் பெயரும் ஒன்றேதான். 2004-இல் வந்த ஜிசிசி 3.4 முதல் இன்றுவரை எஸ்ஓ.6. பழைய பைனரிகள் புது லைப்ரரியில் ஓட அது உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் பெயர் ஒத்துப்போனதும் லோடர் தேடுவதை நிறுத்திவிடும். உள்ளே வெர்ஷன் இல்லை என்றால் அடுத்த ஃபோல்டரைப் பார்க்கும் பழக்கமெல்லாம் அதற்குக் கிடையாது.

யாரைக் கேட்டாலும் ஒரே மந்திரம்: "எல்டி_லைப்ரரி_பாத் செட் பண்ணு." லோடர் தேட வேண்டிய ஃபோல்டரைச் சொல்லும் வேரியபிள் அது. பண்ணினால் அந்த ஷெல்லிலிருந்து கிளம்பும் அத்தனை புரோகிராமும் அந்த வழியில்தான் போகும். சம்பந்தமே இல்லாத ஒன்று அப்புறம் உடையும். தேட வேண்டிய இடத்தைப் பைனரிக்குள்ளேயே எழுதிவைக்கும் ஆர்பாத் கொடுக்கலாம் என்றால், பல டிஸ்ட்ரோக்களில் (லினக்ஸ் வகைகளில்) லிங்கர் அதை ரன்பாத் என்ற இன்னொரு வகையாக மாற்றி எழுதுகிறது. ரன்பாத் நேரடியாகக் கேட்ட லைப்ரரிக்கு மட்டும்தான் செல்லும்; அந்த லைப்ரரி கேட்கும் இன்னொன்றுக்குச் செல்லாது.

சரி, ஸ்டாட்டிக்காகவே போட்டுவிடலாம் என்று ஜிசிசியின் துணை லைப்ரரி லிப்ஜிசிசி, லிப்எஸ்டிடிசி++ இரண்டையும் பைனரிக்குள்ளேயே திணித்து, தேவைப்படும் லைப்ரரிகளைப் பட்டியலிடும் எல்டிடி காட்டிய ஃபைல்களை மட்டும் ஒரு சின்னக் கன்டெய்னருக்குள் காப்பி செய்தால்? ஜோராக ஓடும். புரோகிராமுக்குள் இணையாக ஓடும் ஒரு த்ரெட்டை கேன்சல் செய்யும்வரை. 'பிதிரெட்_கேன்சல் வேலை செய்ய லிப்ஜிசிசி_எஸ்.எஸ்ஓ.1 இன்ஸ்டால் ஆகியிருக்க வேண்டும்' என்று சொல்லிவிட்டுப் புரோகிராம் செத்துவிழும். எல்டிடி பட்டியலில் இந்தப் பெயரே இல்லையே! இருக்காது. சிஸ்டத்தின் சி லைப்ரரியான ஜிலிப்சி அதைத் தேவைப்படும் நேரத்தில் டிஎல்ஓப்பன் என்ற ஃபங்ஷன் மூலம் தானே திறக்கிறது. அந்த நேரம் எப்போது வரும்? நிச்சயமாக டெஸ்டிங்கில் வராது.

ஜிசிசியே ஆர்பாத்தைச் சேர்த்துவிட்டால் என்ன? டிஸ்ட்ரோக்காரர்களுக்கு ஆர்பாத் பிடிக்காது, தெரியும். அவர்கள் அதை ஆஃப் செய்துகொள்ள ஒரு ஸ்விட்ச் போதுமே. இன்னொரு கம்பைலரான கிளாங்கில் தன் ரன்டைம் லைப்ரரிக்கு ஆர்பாத் சேர்க்கச் சொல்லும் ஆப்ஷன் இருக்கிறது. ஜிசிசியிலோ, அதை நிறுவும் மேக் இன்ஸ்டால் கக்கும் ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவே, "லைப்ரரிகள் இந்த ஃபோல்டரில் இருக்கின்றன, பாத்தை நீயே செட் செய்துகொள்" என்று ஒரு ஓரத்தில் முணுமுணுப்பதோடு கடமை முடிந்ததாம். அதை எவன் படிக்கிறான்?

இப்போதைக்கு, எந்த ஆப்ஷன்களோடு லிங்க் செய்வது என்று ஜிசிசிக்குச் சொல்லும் ஸ்பெக்ஸ் ஃபைலைத் திருத்தி ஆர்பாத்தை நானே நுழைத்து வைத்திருக்கிறேன். ஜிசிசி 12 பில்ட் செய்தால் இதையும் மறுபடி செய்து தொலைக்க வேண்டும்.