தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரே அறை

அருங்காட்சியகத்துக்குள் எங்கே திரும்பினாலும் ‘தொடாதீர்கள்’ என்று எழுதியிருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் பானை, நெசவு, மரச்சிற்பம். எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு மக்கள் கடைசியாக வருவது பரிசுக்கடைக்கு. இங்கேதான் அவர்கள் ஒரு பொருளை முதன்முறையாகக் கையில் எடுக்கிறார்கள். அந்தப் பொருள் எந்த விமான நிலையத்திலும் கிடைக்கிற சாவிக்கொத்தாக இருந்தால் எனக்கு மனசு ஆறாது. பரிசுக்கடை நடத்துகிறவளாகச் சொல்கிறேன்: அங்கே உள்ளூர்க் கைகள் செய்த பொருள்தான் இருக்க வேண்டும்.

சரி, இதை எல்லோருமே ஒப்புக்கொள்வார்கள். பேச்சு பணத்துக்கு வரும்போதுதான் தடுமாற்றம்.

பொருளை வாங்கி அடுக்கிவைத்து, விற்ற பிறகு காசு கொடுப்பது பல கடைகளில் வழக்கம். கன்சைன்மென்ட் என்பார்கள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தேன். கூடை பின்னுகிற ஒரு அம்மா பன்னிரண்டு கூடைகள் கொடுத்திருந்தார். ஏழு விற்றன. மீதி ஐந்தும் ஜன்னலோரத்தில் எட்டு மாதம் வெயில் பட்டு நிறம் மங்கிவிட்டன. திருப்பிக் கொடுத்தபோது அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒவ்வொன்றின் விளிம்பிலும் விரலை ஓட்டிப் பார்த்தார். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு போனார். நார் அவருடையது, உழைப்பு அவருடையது, எட்டு மாதம் காத்திருந்ததும் அவர். வெயிலில் வைத்தது நான். நஷ்டம் மட்டும் அவருக்கு.

அதற்கப்புறம் ரொக்கம் கொடுத்துத்தான் வாங்குகிறேன். கொஞ்சமாக வாங்கினாலும் விற்காமல் போனால் அது என் கவலை. கைவினைஞர் கேட்டால் குறைந்தது 50 சதவீதத்தை வட்டியில்லாத முன்பணமாகத் தர வேண்டும் என்பது உலக நியாய வணிக அமைப்பின் கொள்கை. அதைச் சலுகையாக நினைக்கக் கூடாது. அடுத்த பொருளுக்கான மண்ணும் நூலும் அந்தக் காசில்தான் வருகின்றன.

விலை பேசும்போது இன்னொன்றையும் பார்த்தேன். பலர் மூலப்பொருளுக்குக் கணக்கு வைப்பார்கள், தங்கள் நேரத்துக்கு வைக்க மாட்டார்கள். “இதைச் செய்ய எத்தனை நாள் ஆச்சு?” என்று நாமே கேட்க வேண்டும். வாங்கிய விலையை இரட்டிப்பாக்கி விற்பது சில்லறை வணிகத்தில் சாதாரணம். வாங்கும் விலையே அடிமாட்டு விலை என்றால் அந்த இரட்டிப்பில் கைவினைஞருக்கு ஒன்றுமே இல்லை.

அப்புறம் அந்தச் சின்ன அட்டை. செய்தவர் சம்மதித்தால் அவர் பெயர், என்ன பொருளில் செய்தது, எத்தனை நாள் வேலை என்று எழுதிக் கட்டுகிறோம். சேகரிப்பில் இருக்கும் பொருளின் நகல் என்றால், அது நகல் என்று பொருளிலேயே அழியாதபடி குறிக்க வேண்டும் என்கிறது சர்வதேச அருங்காட்சியகங்கள் கவுன்சிலின் நெறிமுறை. அமெரிக்காவில் பூர்வகுடிகள் செய்ததாகப் பொய் சொல்லி ஒரு பொருளை விற்பது 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ‘கைவினை’ என்ற சொல்லை இயந்திரப் பொருளின் மேல் ஒட்டுவது, அதை நிஜமாகவே கையால் செய்கிறவரின் சோற்றில் கைவைப்பது.

கையால் செய்த இரண்டு கிண்ணங்களைப் பார்த்து, “இரண்டும் ஒரே அளவில் இல்லையே?” என்று வாங்க வருகிறவர்கள் கேட்பார்கள். இரண்டையும் கையில் கொடுத்துவிடுவேன். தூக்கிப் பார்த்து, உள்ளங்கையில் நன்றாக உட்காருகிற கிண்ணத்தை அவர்களே எடுத்துக்கொள்வார்கள்.

அந்த அம்மாவிடம் இப்போது ஒரு தடவைக்கு ஆறு கூடைகள் வாங்குகிறேன். ஜன்னலோரத்தில் வைப்பதில்லை.