டர்போ கார் மலைக்கு ஆகாதா?

"டர்போ எல்லாம் ஹைவேக்குத்தான், நம்ம மலைக்குச் சரிவராது." பென்ஸோ பி.எம்.டபிள்யூவோ வாங்க நினைக்கிறவரிடம் யாராவது ஒருவர் இதைக் கட்டாயம் சொல்லிவிடுகிறார். முழுப்பிழை. எஞ்சின் விடும் புகையால் டர்பைன் என்ற சக்கரத்தைச் சுழற்றி, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவதுதான் டர்போ. அதன் அருமை தெரிவதே மலையில்தான்.

நுவரெலியா 1868 மீற்றர் உயரம். கொழும்பைவிட அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சினுக்குள் போகிற காற்று குறைகிறது, இழுவையும் கூடவே குறைகிறது. டர்போ காரிலோ கம்ப்யூட்டர் உள்ளழுத்தத்தை அளந்து, காற்று மெலிய மெலிய டர்பைனை வேகமாகச் சுழலவிட்டு ஈடுகட்டிவிடும். பென்ஸ் சி 180இன் 1.6 லீட்டர் எஞ்சின் 250 நியூட்டன் மீற்றர் இழுவையை 1200 ஆர்பிஎம்மிலேயே தருகிறது. டர்போ இல்லாத 1.5 லீட்டர் டொயோட்டா பிரீமியோவுக்கு 140 அளவுதான், அதுவும் 4000 தாண்டினால்தான். ஆள் நிறைந்து ரம்பொடை ஏற்றத்தில் போகும்போது பிரீமியோ கத்திக்கொண்டு ஏறும். பென்ஸில் குரல் உயர்த்தாமல் பேசிக்கொண்டு போகலாம்.

முடக்கில் மிதித்தால் ஒரு கணம் ஒன்றுமே நடக்காது, பிறகு திடீரென்று பாயும் என்கிறார்கள். அது உண்மை. முடக்குக்குள் காலை எடுத்ததும் புகையின் ஓட்டம் குறைந்து டர்பைன் தளர்ந்துவிடும். ஒட்டோ கியரும் பெற்றோலை மிச்சம்பிடிக்க மூன்றிலேயே கிடக்கும். முடக்குக்கு முன்பே மெனுவலில் இரண்டாம் கியருக்கு இறக்கி, 2000 ஆர்பிஎம் குறையாமல் வைத்து, ஸ்டியரிங் நிமிர்வதற்கு முன்பே மெதுவாக மிதிக்கத் தொடங்குங்கள். பின்சீட்டில் இருப்பவர்களுக்கு வாந்தியும் வராது.

எனக்குக் கவலை இறக்கத்தில்தான். ஒன்றரை தொன் வண்டியைச் சின்ன எஞ்சினால் அதிகம் பிடித்து நிறுத்த முடியாது. ஈகோ மோடில் சில கார்கள் காலை எடுத்ததும் எஞ்சினைக் கழற்றிவிட்டு மிதந்து போகும். லபுக்கலையிலிருந்து இறங்கும்போது அந்த மோடே வேண்டாம். இரண்டு, மூன்றாம் கியரில் இறங்குங்கள். பிரேக் ஒயில் ஈரத்தை இழுக்கும். ஈரம் சேர்ந்த ஒயில் சூட்டில் கொதித்தால் பெடல் தரைவரை போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும்.

பெற்றோல் 95 ஒக்டேன்தான். உயரத்தில் 92 போதும் என்ற கதை டர்போ இல்லாத எஞ்சினுக்கு ஓரளவு பொருந்தலாம். டர்போவில் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவதில்லையே! 92 அடித்தால், பெற்றோல் தானாக வெடிக்கும் நொக்கிங்கைத் தவிர்க்க கம்ப்யூட்டர் தீப்பொறி விடும் டைமிங்கைப் பின்தள்ளும், காசு கொடுத்து வாங்கிய இழுவை போய்விடும்.

எஞ்சின் ஒயிலை 10,000 கிலோமீற்றருக்கு மேல் இழுக்காதீர்கள். டர்போவின் தண்டு சுழல்வது மெல்லிய ஒயில் படலத்தின் மேல். நீண்ட ஏற்றம் ஏறி வந்தால் ஒரு நிமிடம் ஸ்லோவில் ஓடவிட்டு நிறுத்துங்கள்.

உண்மையிலேயே நம் வீதிக்கு ஒவ்வாதது 18 அங்குல ரிம்மும், காற்றுப் போனாலும் கொஞ்சத் தூரம் ஓடக்கூடிய விறைப்பான ரன்ஃபிளாட் டயரும். தோட்டப் பாதைக் குழியில் ரிம்தான் வளையும். தயாரிப்பாளர் அனுமதிக்கும் சின்ன ரிம்முக்கும் உயரமான டயருக்கும் மாறுங்கள்.

2020 மார்ச்சில் நின்ற கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அதனால் இங்கே கைமாறுகிற பல கார்கள் பழசு, அவற்றின் ரப்பரும் பழசு. ஏற்றத்தில் விசில் போல் சத்தம் கேட்டு இழுவை குறைந்தால், டர்போ போச்சு என்று கராஜில் சொன்னதும் தலையாட்டிவிடாதீர்கள். டர்போ அழுத்திய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போகிற பைப்பையும் கிளிப்பையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், புகை விட்டு லீக் பார்க்கச் சொல்லுங்கள். வெடித்த ஒரு பைப்புக்காக நல்ல டர்போவைக் கழற்றி எறிய வேண்டியதில்லை.