தரங்கம்பாடியில் 'ஒண்ணுமே இல்லை'யாம்

தரங்கம்பாடியைப் பற்றி ஒரு யூடியூபர் போட்ட அந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். லிங்க் போடப் போவதில்லை, ஏற்கெனவே போதுமான அளவு ஓடிவிட்டது. மே மாதம், மதியம் ஒரு மணி, டேனிஷ் கோட்டை வாசலில் கூலிங் கிளாஸோடு நின்று, "பத்து நிமிஷத்துல முடிஞ்சுது, ஒண்ணுமே இல்லை, மீன்கூடக் கிடைக்கலை" என்று ஒரு தீர்ப்பு.

மதியம் ஒரு மணிக்கு வந்தால் எந்தச் சின்ன ஊரிலும் ஒன்றும் இருக்காதுங்க. கோயில் நடை சாத்தியிருக்கும், நாலு மணிக்கு மேல்தான் திறப்பார்கள். கடைக்காரர் சாப்பிடப் போயிருப்பார். மேற்கிலிருந்து அடிக்கும் மேல்காற்று வலுத்த நாளில் கடற்காற்று உள்ளே ஏறவே பிற்பகல் ஆகிவிடும், அதுவரை கரையிலும் அனல்தான். தப்பு ஊர் மேல் இல்லை, நீங்கள் வந்த நேரத்தின் மேல்.

மீன் விஷயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஃபைபர் படகில் வருவதுதான் மீன், விலையும் ஏறித்தான் இருக்கும். மீன் இனப்பெருக்கம் செய்கிற காலம் சார், உங்கள் சப்ஸ்கிரைபர்களுக்காகத் தள்ளிவைக்க மாட்டார்கள்.

கும்பகோணத்திலிருந்து விடிவதற்கு முன்பே கிளம்புங்கள். மயிலாடுதுறை, திருக்கடையூர் வழி. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணக் கூட்டம் சேருவதற்குள் தாண்டிவிட வேண்டும். தரங்கம்பாடி நகர வாயிலில் இறங்கி ராஜ வீதியில் நடங்கள், காரில் போகாதீர்கள். 1701-ல் கட்டிய சீயோன் தேவாலயம், 1718-ன் புதிய எருசலேம் தேவாலயம் இரண்டும் அந்தத் தெருவில்தான். 1706-ல் வந்திறங்கி, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்க்கின் கல்லறை இரண்டாவதில் இருக்கிறது. தெருக்கோடியில் 1620-ல் டேனிஷ்காரர்கள் எழுப்பிய கோட்டை. பக்கத்திலேயே கடல் அரித்துத் தின்ற மாசிலாமணிநாதர் கோயில். பதினொரு மணிக்குள் முடித்து நிழலுக்குப் போய்விடுங்கள். இதில் எது பத்து நிமிஷம்?

"குழந்தைகளுக்குப் போரடிக்கும்" என்பார்கள். மொபைலை வாங்கி வைத்துவிட்டுச் சொல்லுங்கள். "கழிவறை இல்லையே" என்பது நியாயமான கேள்வி, குறிப்பாகப் பெண்களுக்கு. மயிலாடுதுறையைத் தாண்டுவதற்குள் ஏதாவது பெட்ரோல் பங்க்கில் முடித்துக்கொள்வதுதான் வழி, அதுவும் எல்லா பங்க்கிலும் சுத்தமாக இருக்காது. இதற்கு என்னிடம் சமாதானம் கிடையாது.

"வெயிலில் வண்டி தாங்குமா?" தாங்கும். டயர் காற்றை வீட்டிலிருந்து கிளம்பும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே பாருங்கள். முழு லோடுக்கான அளவு பெரும்பாலும் டிரைவர் கதவை ஒட்டிய தூணில் இருக்கும். ஓடிச் சூடானதும் நாலைந்து பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும். பயந்துபோய்க் காற்றை இறக்காதீர்கள். காற்றுக் குறைந்த டயர்தான் பக்கவாட்டில் மடங்கி, சூடேறி வெடிக்கும். எஞ்சின் சூடாகி நின்றுவிட்டால் ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள், ஆறட்டும். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று மட்டும் யாரும் பார்ப்பதேயில்லை.

இன்னொன்று, இதை எந்த வீடியோவிலும் சொல்ல மாட்டார்கள். டெல்டா கிராமச் சாலைகளில் உளுந்து, எள் செடியைப் பரப்பியிருப்பார்கள், சக்கரம் ஏறி மணி உதிர்வதற்காக. ஒதுங்க இடமிருந்தால் ஒதுங்கிப் போங்கள். அந்தச் சருகு அச்சில் சுற்றிக்கொண்டு சைலன்சர் சூட்டில் தீப்பிடித்துவிடும். கருகல் வாடை வந்தால் உடனே ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தி, முதலில் எல்லோரையும் இறக்குங்கள்.

"ரோட்டில் காயப்போடுவது சட்டப்படி தப்பாச்சே" என்று ஒருவர் இந்நேரம் டைப் செய்ய ஆரம்பித்திருப்பார். தப்புதான். பக்கத்தில் களம் இல்லாதவன் எங்கே கொண்டுபோய்ப் போடுவான், அதையும் சேர்த்து எழுதுங்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வாங்கி, அதற்குப் பிறகும் மலைப்பாதையில் மணிக்கணக்கில் நிற்கிறீர்கள். அதை 'வைப்' என்கிறீர்கள். எங்கள் பக்கம் பாஸ் கிடையாது, டோக்கன் கிடையாது, வா என்றால் வரலாம். அதனால்தான் இளக்காரம் போலிருக்கிறது.

அந்த வெயிலில்தான் தரங்கம்பாடியில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள், வலை பின்னுகிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். அவர்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, அவர்கள் காதுபடவே 'ஒண்ணுமே இல்லை' என்று கத்திவிட்டுப் போயிருக்கிறார் அந்த மனுஷன். பின்னால் ஒரு பெரியவர் திரும்பிப் பார்ப்பது வீடியோவிலேயே தெரிகிறது.